இணையச் சேவை வழங்குநர்: அத்தாட்சிப்படுத்தலும் வழிப்படுத்தலும்

இலங்கையில் வர்த்தக இணையச் சேவை 1995 இல் ஆரம்பமானது. இச்சேவையை அளிக்கும் நிறுவனம் இணையச் சேவை வழங்குநர் எனப்படும்.

கல்முனையிலுள்ள ஒரு வீடு இணையத்துடன் இணையும் படிமுறை:

1. வீட்டு மோடெம் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வழங்குநருக்கு அனுப்பும்.
2. வழங்குநரின் ரேடியஸ் சேவையகம் அவற்றைச் சந்தாதாரர் பதிவுடன் ஒப்பிடும். இது அத்தாட்சிப்படுத்தல்.
3. பொருந்தினால் ஐபி முகவரி வழங்கப்படும். பாவனைக் கணக்கும் ஆரம்பமாகும்.
4. வழிப்படுத்தி, தரவுப் பொதியின் சேருமிட முகவரியைத் தன் அட்டவணையுடன் ஒப்பிட்டு, அடுத்த வழிப்படுத்திக்கு அனுப்பும். இது வழிப்படுத்தல்.

மாதிரி வினா: கடவுச்சொல் ஏற்கப்பட்டும் எந்த இணையத்தளமும் திறக்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றுவது தீர்வாகுமா?

விடை: ஆகாது. அத்தாட்சிப்படுத்தல் முடிந்துவிட்டது. வழிப்படுத்தலில் தவறு இருக்கலாம்.

மாணவர்களே, முதலாவது "நீர் யார்?" எனக் கேட்கிறது, இரண்டாவது "பொதி எங்கே போகவேண்டும்?" எனக் கேட்கிறது. விடையில் இவற்றைக் கலந்து எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள்.