பழைய வண்டியும் புதிய ஷாக்கும்

ராயல் என்பீல்டு புல்லட் வண்டியைச் சென்னையில் இணைக்கத் தொடங்கியது 1955-ஆம் ஆண்டில். அதன் பழைய வண்டிகள் தஞ்சைப் புறத்தே ஆற்றங்கரை வழிகளில் நெல்மூட்டை சுமந்து ஓடுதலை இன்றும் காண்கிறோம். பின் ஷாக்குகள் எண்ணெய் கசிந்து தளர்ந்தவிடத்துப் பிறிதொரு மாதிரியின் ஷாக்குகளைப் பூட்டுவாருளர். அவை பொருந்துமாறு எங்ஙனம்?

முதற்கண் அளக்கத்தக்கது நீளம். அஃதாவது மேற்கண்ணின் நடுவிலிருந்து கீழ்க்கண்ணின் நடுவரை. நீளம் மிகின் வண்டியின் பின்புறம் உயரும்; முன்சக்கரக் கவை நிமிர்ந்து ஹேண்டில் நிலைகொள்ளாது; நடு ஸ்டாண்டில் நிறுத்தினும் பின்சக்கரம் தரையைவிட்டு எழாமற் போதலுங்கூடும். குறையின் சக்கரம் மட்கார்டில் உரசும். கண்ணின் துளை பெரிதாயின், கடைசற் பட்டறையில் அளவொத்த புஷ் கடைவித்து இடுக. இலக்கண நூலார் இதனைத் தோன்றல் என்பர் போலும்!

ஸ்பிரிங்கின் வலிமையோ கண்ணுக்குப் புலனாகாது. ஒத்த நீளமுடைய இரண்டு ஷாக்குகள் வெவ்வேறு சுமைக்கென ஆக்கப்பட்டிருத்தல் கூடும். வளையத்தைத் திருகி இறுக்கினும் வண்டி உயருமேயன்றி ஸ்பிரிங்கின் வலிமை மிகாது.

இஃதறியாது யாம் எம் இல்லத்துப் புல்லட்டில் இலகுவானதொரு வண்டியின் ஷாக்குகளைப் பூட்டினோம். வெறுவண்டி மெத்தென ஓடிற்று. மூட்டையேற்றிய அன்றோ, வெண்ணாற்றங்கரை மதகு மேட்டில் ஷாக் அடிதட்ட, வண்டி தந்தையாரோடு வாய்க்காலிற் சாய்ந்தது. நெல் நனைந்தது, அவர் முழங்காற் காயத்தோடு மீண்டார். மறுநாள் ஷாக்குகளைக் கழற்றி அளந்தோம். நீளத்தில் இம்மியும் பிசகில்லை.