காணாமலே கற்ற ஞானம்

ஜேர்மனிய அறிஞர் ஹைன்றிச் சிம்மர் 1890ஆம் ஆண்டு பிறந்தவர். ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தில் இந்தியத் தத்துவம், யோகம் என்பவற்றைக் கற்பித்த பேராசிரியராவார்.

மனைவி யூத வம்சாவளியினர் என்ற காரணத்தால், நாசி ஆட்சியில் 1938இல் இவரது பதவி பறிக்கப்பட்டது. நாட்டைவிட்டு வெளியேறிய போதும் கற்பித்தலைக் கைவிடவில்லை. ஒக்ஸ்போர்ட்டிலும், பின்னர் நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் விரிவுரையாற்றினார். 1943இல் நியூமோனியாவினால் காலமானார்.

இந்திய மண்ணை இவர் மிதித்ததேயில்லை. ஆயினும் திருவண்ணாமலை ரமண மகரிஷிகளின் உபதேசங்களை நூலாக்கினார். அதனை உளவியலறிஞர் கார்ல் யூங் 1944இல் வெளியிட்டார். விரிவுரைகளை ஜோசப் கம்பெல் தொகுத்து 1951இல் நூலாக்கினார்.

தொலைவிலிருந்தவர் தேடிக் கற்றார். கோயில் வாசலிலேயே வாழும் அடியார்கள் பூசை முடிந்ததும் எழுந்தோடாது, சற்றுநேரம் கண்மூடித் தியானித்திருக்கப் பழகுவார்களாக.