குறுக்கிய இணைப்புகள்: திறப்பதற்கு முன் அறிய வேண்டியவை

கோயில் திருவிழா அறிவித்தல், தமிழ்ப் பாடசாலைப் பதிவுப் படிவம், கலைவிழா நுழைவுச்சீட்டு எனப் பல செய்திகள் இன்று வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்புகளாகவே வந்து சேர்கின்றன. அவற்றுள் சில குறுக்கிய இணைப்புகள். அவை எந்த இணையதளத்துக்கு அழைத்துச் செல்கின்றன என்பது பார்த்தவுடன் தெரிவதில்லை. இவற்றின் இயக்கத்தை அறிந்துகொண்டால், மோசடியிலிருந்து பெரிதும் தப்பலாம்.

ஏன் குறுக்கப்படுகின்றன?

நீண்ட இணைய முகவரியைச் சுருக்கித் தரும் சேவைகளுள் டைனியுஆர்எல் 2002ஆம் ஆண்டிலும், பிட்லி 2008ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. தமிழ் இணையப் பக்கங்களுக்கு இத்தேவை சற்று அதிகம். முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால், அதை நகலெடுத்து ஒட்டும்போது பெரும்பாலும் அது சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த தொடராக மாறிவிடுகிறது. ‘தமிழ்’ என்னும் ஒரு சொல் மட்டுமே 45 குறிகளாக நீள்கிறது. எனவே, குறுக்குவது தன்னளவில் தவறான செயலன்று.

எவ்வாறு இயங்குகின்றன?

குறுக்கிய முகவரியையும் உண்மையான முகவரியையும் சேவை நிறுவனம் தன் பட்டியலில் இணைத்து வைத்திருக்கும். இணைப்பைத் தொட்டவுடன் கைபேசி முதலில் அந்நிறுவனத்தின் கணினியை அடைகிறது. அங்கிருந்து உண்மையான பக்கத்துக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது. செல்லுமிடத்தைத் தீர்மானிப்பவர் இணைப்பை உருவாக்கியவரே; அதைப் பகிர்ந்த நண்பரல்லர். தெரிந்தவர் அனுப்பினார் என்பதால் மட்டும் ஓர் இணைப்பு பாதுகாப்பானதாகிவிடாது.

ஆபத்து எங்கே உள்ளது?

ஓர் உதாரணத்தைக் கருதலாம். டோல் எனப்படும் சுங்கச்சாலைக் கட்டணம் நிலுவையில் உள்ளதாகவும், இன்றே செலுத்தாவிடில் அபராதம் விதிக்கப்படும் எனவும் ஒரு முதியவருக்குக் குறுஞ்செய்தி வருகிறது. மகன் நாள்தோறும் அச்சாலையில் செல்வதால் அவர் அதை நம்புகிறார். இணைப்பைத் திறந்தால், உண்மையான தளத்தைப் போன்றே தோன்றும் ஒரு பக்கம் வருகிறது. கேட்கப்படும் தொகையோ சில டொலர்களே. ஆனால் அங்கே பதியப்படும் வங்கி அட்டை விவரங்களைக் கொண்டு பெருந்தொகையை எடுத்துவிட முடியும். சிறு தொகையும் அவசரமும் சேர்ந்து வரும்போதே கூடுதல் எச்சரிக்கை தேவை.

சோதிக்கும் முறைகள்

1. பணம், கடவுச்சொல், அடையாள ஆவணம் ஆகியவற்றைக் கேட்கும் செய்தியில் உள்ள இணைப்பைப் பயன்படுத்தக்கூடாது. உரிய நிறுவனத்தின் செயலியையோ, தாமே தட்டச்சு செய்த முகவரியையோ பயன்படுத்த வேண்டும்.

2. மைகவ் கணக்கில் உள்நுழையுமாறு கோரும் இணைப்பு குறுஞ்செய்தியில் வந்தால், அது மோசடியாகும். மைகவ் அத்தகைய இணைப்புகளை அனுப்புவதில்லை.

3. பிட்லி இணைப்பின் இறுதியில் + குறியைச் சேர்த்துத் திறந்தால், அது எங்கே செல்கிறது என்பதை முன்கூட்டியே காணலாம்.

4. முழு முகவரியைக் காணும்போது, தொடக்கத்திலுள்ள ‘எச்டிடிபிஎஸ்’ பகுதியை விட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டைக் கண்டறிய வேண்டும். ஆஸ்திரேலிய அரசுத் தளமாயின், அக்கோட்டுக்குச் சற்று முன்னர் ‘ஜிஓவி.ஏயு’ என முடிந்திருக்கும். அவ்வெழுத்துகள் நடுவில் மட்டும் இருந்து, வேறு பெயர் தொடர்ந்து வந்தால் அது அரசுத் தளமன்று.

பகிர்பவரின் பொறுப்பு

சங்கங்களும் பாடசாலைகளும் இயன்றவரை முழு முகவரியையே பகிர்வது நன்று. குறுக்குவது தவிர்க்க முடியாததாயின், அது எந்தத் தளத்துக்குச் செல்கிறது, யார் உருவாக்கியது, எதற்காக என்பவற்றை ஒரு வரியில் எழுத வேண்டும். தாம் திறந்து பார்க்காத இணைப்பை மற்றவருக்கு அனுப்பாதிருப்பதும் ஒரு பாதுகாப்பே.

தவறுதலாகத் திறந்துவிட்டால்

எந்த விவரமும் பதியவில்லையாயின், பக்கத்தை உடனே மூடிவிட வேண்டும். அங்கிருந்து எதையும் பதிவிறக்கக்கூடாது. அட்டை விவரங்களைக் கொடுத்திருந்தால், அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் வங்கியைத் தாமதமின்றி அழைக்க வேண்டும். கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் அதை உடனே மாற்ற வேண்டும். அடையாள ஆவணங்கள் பறிபோயிருந்தால், ஐடிகேர் அமைப்பின் 1800 595 160 என்னும் எண்ணில் உதவி பெறலாம். தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவைப்படுவோர் 131 450 என்னும் எண்ணை முதலில் அழைக்கலாம். மோசடிச் செய்தியை ஸ்கேம்வாட்ச் இணையதளத்தில் முறையிட்டால், அது பிறரை எச்சரிக்கவும் உதவும்.

ஏமாற்றப்பட்டதை வெட்கத்தால் மறைப்பதே இழப்பைப் பெருக்குகிறது. வீட்டிலுள்ள முதியோர் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய சூழலை உருவாக்குவது குடும்பத்தினரின் கடமையாகும்.