இலைதானே என்று முகத்தில் பூசலாமா?

 

சென்ற மாதம் மருத்துவ உதவி மனு கொடுக்க வந்த ஒரு சகோதரி, பையிலிருந்து ஒரு கிரீம் டப்பாவை எடுத்துக் காட்டினார். மூலிகை இலையில் செய்தது, பூசினால் சுருக்கம் வராது என்று சொல்லி விற்றார்களாம். டப்பாவின் மேல் இலைப் படம் இருந்தது. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரமோ, தயாரித்தவர் முகவரியோ இல்லை. மூன்று மாதம் பூசியதில் கன்னம் சிவந்து எரிந்தது. "இலைதானே பாய், என்ன பண்ணிடப் போகுதுன்னு நெனச்சேன்" என்றார். இது பலருக்கும் உள்ள எண்ணம் என்பதால் இந்த இதழில் அதைப் பற்றிப் பார்ப்போம்.

தோல் ஏன் சுருங்குகிறது?

தோலின் உள்ளடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்ற புரத இழைகள் உள்ளன. தோலுக்கு உறுதியும் இழுவையும் தருபவை இவையே. வயது ஏற ஏற இவை குறைவது இயற்கை. ஆனால் முகத்தில் நாம் காணும் சுருக்கத்திலும் திட்டுகளிலும் பெரும்பங்கு வெயிலுடையது. வெயிலின் புற ஊதாக் கதிர் தோலுக்குள் கேடு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. கொலாஜனை அறுக்கும் நொதிகளையும் தூண்டிவிடுகிறது.

2012-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் வெளியானது. 28 ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். கண்ணாடி வழியே வெயில் பட்ட இடப்பக்க முகம் மட்டும் ஆழமாகச் சுருங்கியிருந்தது. உங்கள் புறங்கையையும், மேற்கையின் உட்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வயது ஒன்றுதான், தோல் வேறு.

இலையில் என்ன இருக்கிறது?

செடிகளும் நாள் முழுதும் வெயிலில் நிற்பவை. தம்மைக் காத்துக்கொள்ள அவை பாலிஃபீனால் போன்ற பொருள்களை இலையில் சேர்த்து வைக்கின்றன. ஆய்வாளர்கள் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, நீரிலோ எத்தனாலிலோ ஊறவைத்து, வடித்துச் சுண்டவைத்துச் சாறு எடுக்கிறார்கள். எத்தனால் பெரும்பாலும் ஆவியாக்கி நீக்கப்படுகிறது. இது குறித்து ஐயமுள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். பிறகு ஊதா நிறக் கரைசல் ஒன்றில் சாற்றை விடுவார்கள். நிறம் மஞ்சளாக மாறினால் அதற்கு ஆக்சிஜன் கேட்டைத் தடுக்கும் திறன் உண்டு என்று பொருள்.

இது முதல் படிதான். குழாயில் வேலை செய்வதெல்லாம் முகத்தில் வேலை செய்யாது. தோலின் மேலடுக்கு ஒரு மதில். பெரிய மூலக்கூறுகள் எளிதில் உள்ளே போகா. மூன்று இலைகளைப் பார்ப்போம்.

வல்லாரை: இதிலுள்ள மேடகசோசைடு என்ற பொருளை வைட்டமின் சி-யுடன் சேர்த்து, வெயிலால் முதிர்ந்த தோல் கொண்ட 20 பெண்களிடம் ஆறு மாதம் சோதித்த ஆய்வு 2008-இல் வெளியானது. சுருக்கமும் தோலின் உறுதியும் ஓரளவு மேம்பட்டன. ஆனால் இரண்டு பொருள்கள் சேர்ந்திருந்ததால் பலன் வல்லாரையால் மட்டும் என்று சொல்ல முடியாது.

தேயிலை: பச்சைத் தேயிலையின் கேட்டசின்கள் ஆய்வுக்கூடத்தில் நன்கு செயல்படுகின்றன. காற்றும் வெளிச்சமும் பட்டால் விரைவில் கெட்டுவிடுவது இதன் குறை.

முருங்கை: 2014-இல் வெளியான பாகிஸ்தான் ஆய்வில் 11 ஆண்கள் மூன்று மாதம் முருங்கை இலைச் சாற்றுக் கிரீம் பூசினர், தோலின் தன்மை மேம்பட்டதாகப் பதிவாகியுள்ளது. பதினொரு பேரை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்ல இயலாது.

இதற்கு நேர்மாறாக, ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம் நாலரை ஆண்டுகள் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. இலைச் சாறுகள் நம்பிக்கை தருகின்றன. இன்று உறுதியானது வெயில் தடுப்பே.

"இலை தீங்கு செய்யாது" என்பதும் சரியல்ல. சீமை அத்தி இலையின் பால் பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் கொப்புளித்துப் புண்ணாகும்.

கவனிக்க வேண்டியவை:

1. காலை 10 முதல் மாலை 4 வரை வெயிலில் போனால் குடையோ துணியோ கொண்டு மறையுங்கள். திறந்த பகுதிகளுக்கு எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போதும்.
2. பீடி, சிகரெட்டும் தோலை முதுமையாக்கும்.
3. சேர்மானப் பட்டியல், உற்பத்தி லைசென்ஸ் எண், காலாவதித் தேதி இல்லாத கிரீமை வாங்காதீர்கள்.
4. எந்தப் புதிய கிரீமையும் முன்கையின் உட்புறத்தில் சில நாள் பூசிப் பார்த்த பிறகே முகத்தில் பூசுங்கள்.
5. சில நாளிலேயே முகம் பளபளத்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருக்கலாம். ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அந்தச் சகோதரியைத் தோல் மருத்துவரிடம் அனுப்பினோம். ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்று அவர் கூறி, சிகிச்சை அளித்து வருகிறார். சுருக்கம் வராமலிருக்க வாங்கிய கிரீம் தோலையே மெலியச் செய்துவிட்டது. வல்லாரையையும் முருங்கையையும் கீரையாகச் சமைத்து உண்ணுங்கள். முகத்தில் பூசும் முன் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் படித்துச் சொல்லுங்கள்.