பதில் வந்தால் யார் பார்ப்பார்கள்?

மருத்துவமனையிலோ தொண்டு நிறுவனத்திலோ சுகாதாரத் தகவல் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் மாதமே கேட்பார்கள்: "நம்ம வீடியோவை எத்தனை பேர் பார்த்தாங்க?" அந்தக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். பார்த்தவர்களில் எத்தனை பேர் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கையும் நீங்களாகவே எடுக்கத் தொடங்குங்கள். உங்கள் வேலையின் பலன் தெரிவது அங்கேதான்.

இந்தத் துறைக்கு வருகிறவர்கள் கென்யாவில் நடந்த ஓர் ஆய்வைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய 538 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திங்கள்தோறும் கிளினிக்கிலிருந்து ஒரே சொல்லில் எஸ்.எம்.எஸ். போகும்: "மாம்போ?" சுவாஹிலியில், எப்படி இருக்கீங்க என்று அர்த்தம். நோயின் பெயரும் இல்லை, மருந்தின் பெயரும் இல்லை. வீட்டில் வேறு யார் போனை எடுத்தாலும் குடிமுழுகாது. நலம் என்றால் "ஸாவா", சிக்கல் என்றால் "ஷிடா" என்று 48 மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும். ஷிடா என்றவர்களையும், பதிலே போடாதவர்களையும் கிளினிக்கிலிருந்து போனில் கூப்பிட்டுப் பேசினார்கள். ஓராண்டு முடிவில், மருந்தை ஒழுங்காக எடுத்ததாகச் சொன்னவர்கள் இந்தக் குழுவில் 62 சதவீதம், மற்றதில் 50. வாய்ச்சொல்லோடு விடாமல் ரத்தத்தையும் சோதித்தார்கள். கிருமி அடங்கியிருந்தவர்கள் 57 சதவீதம், மற்றதில் 48. இந்த ஆய்வு 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

தினமும் அனுப்பினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அதே கென்யாவில் வேறோர் ஆய்வில் அதையும் சோதித்தார்கள். வாரம் ஒருமுறை நினைவூட்டியது பலித்தது. தினமும் அனுப்பியது பலிக்கவில்லை. "டெய்லி ஒண்ணு போடுங்க" என்று சொல்பவரிடம் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

நம் ஊரிலும் சான்று உண்டு. சென்னையிலிருந்து டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்கள். பழக்கத்தை மாற்ற அவரவர் எவ்வளவு தயார் என்பதற்கு ஏற்ப எஸ்.எம்.எஸ். பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கே இரண்டு ஆண்டுகளில் நோய் வந்தது, பெறாதவர்களில் 27.

எழுதும்போது, "உணவுக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கவும்" என்பதை அடித்துவிட்டு, "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று போட்டுப் பாருங்கள். கேட்டால் பதில் வரும். எனவே அனுப்பும் முன்பே ஒரு நர்ஸின் வேலை நேரத்தில் பதில்களைப் பார்ப்பதற்கென இரண்டு மணி நேரம் ஒதுக்கி வாங்குங்கள். அவ்வளவு நேரம் கிடைக்காவிட்டால், ஆயிரம் பேருக்கு அனுப்பாதீர்கள். அவரால் கூப்பிட்டுப் பேச முடிகிற ஐம்பது பேரோடு தொடங்குங்கள்.