உன் இடது கை எங்கே, மருமகனே?



பத்து அங்குல மைட்டர் ரம்பம் வாங்கிவிட்டாயாம். மேருவிலுள்ள உன் வீட்டின் கார் போர்ச்தான் இனிப் பட்டறையாம். தீபாவளிக்குள் சாமி படங்களுக்குச் சட்டம் போட்டுவிடுவாயாம். சந்தோஷம். எந்த பிளேடு நல்லது என்று மட்டும் கேட்டிருக்கிறாய். இடது கையை எங்கே வைப்பது என்று ஏனடா கேட்கவில்லை?

பிளேடுக்குப் பதில் ஒரு வரிதான். மைட்டர் ரம்பத்துக்கென்றே செய்த, 60 முதல் 80 பல் உள்ளதை வாங்கு. மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிடு.

இனி கைக்கு வருவோம். அந்த பிளேடு நிமிடத்துக்கு 4800 சுற்று சுற்றினால், பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 230 கிலோமீட்டர். உன் மைவி கார்கூட அவ்வளவு ஓடாது. மரம் பின்தடுப்பில் ஒட்டி நிற்காவிட்டால் பல் அதைக் கவ்வி இழுக்கும். பிடித்திருக்கும் கையும் கூடவே போகும். அதனால் பிளேடிலிருந்து ஒரு சாண் தள்ளியே கை இருக்கட்டும். வலக்கை ரம்பத்தில் இருக்கும்போது இடக்கையை அதற்குக் குறுக்கே நீட்டாதே.

"இத்தனூண்டு துண்டு மாமா, விரலாலேயே பிடித்துக்கொள்கிறேன்" என்பாய். தெரியும். சின்னத் துண்டு வேண்டுமானால் நீளப் பலகையின் நுனியிலிருந்து அறுத்தெடு. கையில் இருப்பதே துண்டுதான் என்றால் கிளாம்ப் போடு. முடியாவிட்டால் அந்த வேலைக்குக் கைரம்பம் இருக்கிறது.

பலகையையும் கவனி. உன் தாத்தா பால் வெட்டிய ரப்பர் மரம்தான் இன்று மேசை நாற்காலியாகிறது. 25 வருஷம் பால் கொடுத்த மரமாயிற்றே, சரியாகக் காயாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். வளைந்த பலகையில் புடைத்த பக்கம் பின்தடுப்பைப் பார்த்து இருக்கட்டும். திருப்பி வைத்தால் அறுக்கும் வழி மூடிக்கொண்டு பிளேடை நெரிக்கும்.

இன்னொன்று. என் ஆள்காட்டி விரல் நகம் ஏன் கோணல் என்று சின்ன வயதில் கேட்டாய். கதவில் நசுங்கியது என்றேன். பொய். விசையை விட்ட பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டிருந்தது, நான் அறுபட்ட துண்டை எடுக்கக் கை நீட்டினேன். விசையை விடு, பிளேடு நிற்கட்டும், பிறகு ரம்பத்தை மேலே தூக்கு, அப்புறம்தான் துண்டு. உன் அத்தைக்கு இன்னும் கதவுக் கதைதான் தெரியும். அப்படியே இருக்கட்டும்.

கையுறை போட்டால் பத்திரம்தானே என்று கேட்பாய். இல்லை. சுழலும் பல் துணியைப் பிடித்தால் கையை விடாது. பத்துமலையில் உன் கையில் கட்டிய கயிறும் அப்படித்தான். அறுக்கும் நேரம் கழற்றிச் சாமி படத்தின் முன் வை, முருகன் கோபிக்கமாட்டார். கைலி, சிலிப்பரோடு நிற்காதே. கண்ணாடி போடு, முகமூடியும் போடு. மரத்தூள் புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இலேயே பட்டியலில் சேர்த்துவிட்டது.

மேருவில் மரச்சாமான் தொழிற்சாலை என்றால் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதிகாரி வந்து பிளேடு மூடி இருக்கிறதா என்று பார்க்கலாம். உன் போர்ச்சுக்கு யார் வருவார்? நான்தான் வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை மூலைமட்டத்தோடு வருகிறேன். அதுவரை பிளக்கைச் சொருகாதே. தோசைக்கு மாவு இருக்கிறதா என்று உன் அம்மாவிடம் கேட்டு வை.

அன்புடன்,
மாமா