பின் பொருந்தினா போதுமா, தம்பி?

சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு வாங்கியாச்சு, ஸ்பீக்கரும் இருக்கு, அடாப்டர்தான் இல்லை. உடனே பழைய ரூட்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர் எல்லாத்தையும் தரையில கொட்டி, எதோட பின் உள்ளே போகுதோ அதைச் செருகிப் பார்க்கிறது நம்ம வழக்கம். மதுரை தியாகராசர் இன்ஜினியரிங் காலேஜ் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற தம்பிகளும் இதைத்தான் பண்றாங்க, படிக்கிறது எலெக்ட்ரானிக்ஸா இருந்தாலும்! அதே 5.5 மி.மீ. பின் 5 வோல்ட்டுலயும் வருது, 24 வோல்ட்டுலயும் வருது. பின்னை நம்பாதே.

முதல்ல போர்டைப் பாரு. டிபிஏ3116 ஐசி போட்ட போர்டுன்னா 26 வோல்ட் வரைக்கும் போகலாம். டிடிஏ7297ன்னா 18 வோல்ட்டோட நிறுத்திக்கணும். பிஏஎம்8403 மாதிரி குட்டி போர்டுக்கு 5 வோல்ட்தான், நல்ல மொபைல் சார்ஜரே போதும். பழைய லேப்டாப்போட 19 வோல்ட் அடாப்டர் சும்மா கிடக்கா? முதல் போர்டுக்கு அருமையா ஒத்துவரும், ரெண்டாவதுக்கு அது வரம்பு மீறல், குட்டி போர்டை எமலோகம் அனுப்பிடும். இன்னொண்ணு, ஐசி தாங்கினாலும் பக்கத்துல நிக்கிற கெப்பாசிட்டர் தாங்கணும். அது மேல 25 வோல்ட்னு போட்டிருந்தா 24 கொடுக்காதே, 19 போதும்.

ஆம்பியர் கூட இருந்தா பயமில்லை. போர்டு தனக்கு வேணுங்கிறதைத்தான் இழுக்கும். குறைஞ்சாத்தான் வம்பு: பாஸ் அடிக்கிற இடத்துல பாட்டு வெட்டி வெட்டி வரும், அடாப்டரும் கொதிக்கும். பெட்டி மேல 100 வாட்னு எழுதியிருக்கிறதைப் பார்த்து மயங்காதே. 12 வோல்ட் கொடுத்தா 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சேனலுக்கு 15 வாட் வர்றதே பெரிசு. அதுக்கு 3 ஆம்பியர் அடாப்டர் போதும்.

லேபிள்ல அவுட்புட் பக்கத்துல ஒரு நேர்கோடும் அதுக்குக் கீழே புள்ளிக்கோடும் இருந்தா அது டிசி. அலை மாதிரி நெளிஞ்சிருந்தா ஏசி, அதைத் தொடாதே. நடுப்புள்ளி பிளஸ்ஸா மைனஸாங்கிற படமும் அங்கேயே இருக்கும், போர்டோட ஒத்துப் பாரு. கனமான பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்னா மல்டிமீட்டர் வச்சுப் பார்க்காம செருகாதே. 12னு எழுதியிருக்கும், லோடு இல்லாதப்போ 16, 17 காட்டும்.

போர்டு போனா காசோட போச்சு, எனக்குப் பயம் அது இல்லை. 230 வோல்ட் ஏசி அடாப்டருக்குள்ள போனதும் 325 வோல்ட் டிசியா நிக்குது. அதுக்கும் நீ கையில பிடிச்சிருக்கிற ஆடியோ வயருக்கும் நடுவுல இருக்கிறது டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷனும் சில மில்லிமீட்டர் இடைவெளியும்தான். ரெண்டு பக்கத்தையும் இணைக்க ஒரு சின்ன கெப்பாசிட்டர் உண்டு. அது பழுதானாலும் ஷார்ட் ஆகாத ரகமா இருக்கணும். போலி அடாப்டர்ல சாதா கெப்பாசிட்டரைப் போட்டு ஒப்பேத்திடுவாங்க. அது ஷார்ட் ஆனா மெயின்ஸ் கரண்ட் நேரா போர்டுக்கும், அங்கேயிருந்து வயர்ல மாட்டின போனுக்கும் வந்துடும். ரெண்டு பின் அடாப்டர்ல லேசா சுர்ருங்கிறது சகஜம், உதறித் தள்ளினா உடனே கழட்டு.

அதனால வாங்குறப்போ பிஐஎஸ் முத்திரையும் அதோட ஆர்னு தொடங்குற 8 இலக்க எண்ணும் இருக்கான்னு பாரு. அந்த எண்ணைக் கடையில நின்னபடியே பிஐஎஸ் கேர் ஆப்ல அடி. லேபிள்ல இருக்கிற கம்பெனியும் அடாப்டர்ங்கிற பொருளும் வரணும். வேற பேர் வந்தா வச்சிட்டு வந்துடு. கட்டத்துக்குள்ள கட்டம் போட்ட குறி இருந்தா எர்த் தேவையில்லாத இரட்டை இன்சுலேஷன்னு அர்த்தம்.

சிசிடிவிக்குப் போடுற ஓட்டை போட்ட தகரப் பெட்டி எஸ்எம்பிஎஸ் விலை குறைவுதான். ஆனா மெயின்ஸ் ஸ்க்ரூ வெளியவே தெரியும், எர்த்தும் கட்டாயம் கொடுக்கணும். குழந்தை தவழ்ற வீட்டுக்கு வேண்டாம்.

கந்த சஷ்டி ஆறு நாளும் காலையில இருந்து பாட்டு ஓடும், அடாப்டருக்கும் ஓய்வு இருக்காது. அரை மணி நேரம் கழிச்சு அடாப்டரைத் தொட்டுப் பாரு. வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியலைன்னா மாத்து. கரண்ட் போனா சுவிட்சை அணைச்சிடு, வந்து நிலையானதும் போட்டுக்கலாம்.

மறக்காம பில் கேளு. "பில் போட்டா ரேட் கூடும் தம்பி"ன்னு சொன்னா அடுத்த கடைக்கு நட, டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் கடைக்கா பஞ்சம்?